புதன்கிழமை மத்தியானம் அக்கா இருக்க மாட்டாங்க

எங்கள் கம்பெனியில் எல்லாவற்றுக்கும் நிமிடக் கணக்கு உண்டு. ஒரு சாதாரண வட்டக் கழுத்து டீ-ஷர்ட்டுக்குத் தோள் சேர்க்க எவ்வளவு, நெக் ரிப் வைக்க எவ்வளவு, கை ஏற்ற எவ்வளவு, பாட்டம் மடிக்க எவ்வளவு என்று ஸ்டாப்வாட்ச் பிடித்து அளந்து சுவரில் ஒட்டியிருக்கிறோம். மொத்தம் ஏழு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலே வரும். லைனில் ஒரு டெய்லர் பத்து நிமிடம் சும்மா உட்கார்ந்தால் என் கண்ணில் பட்டுவிடும். என்னுடைய பன்னிரண்டு மணி நேரம் எங்கே போகிறது என்பதை மட்டும் முதல் எட்டு வருஷம் யாரும் அளக்கவில்லை.

அப்பா 1994-இல் எட்டு மெஷினோடு திருப்பூரில் ஆரம்பித்த பனியன் கம்பெனி இது. கம்பெனி என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். ஏற்றுமதியாளர்கள் வெட்டாத துணியாகக் கொடுப்பார்கள், நாங்கள் வெட்டித் தைத்து, செக்கிங், அயர்னிங் முடித்துத் திருப்பிக் கொடுப்போம். ஜாப் ஒர்க். 2014-இல் அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்த பிறகு சாவி என் கைக்கு வந்தது. இப்போது 46 மெஷின், ஏறக்குறைய எழுபது பேர். எல்லோருக்கும் நான் அக்கா; என்னைவிட இருபது வயது மூத்த கட்டிங் மாஸ்டருக்கும் அக்காதான்.

"அக்கா, ஷேடு மாறியிருக்குங்க." "அக்கா, பிளாட்லாக் ஊசி தீந்து போச்சுங்க." "அக்கா, மெர்ச்சண்டைசர் லைன்ல இருக்காங்க." "அக்கா, டீக்கடை பாக்கி கேக்குறாருங்க." இப்படி ஒரு நாளில் எத்தனை முறை என்னைக் கூப்பிடுகிறார்கள் என்று ஒருநாள் பண்டில் சீட்டின் பின்பக்கம் கோடு போட்டு எண்ணினேன். சாயங்காலம் வரைக்கும் 73. ராத்திரி வீட்டில் உட்கார்ந்து, இதில் நான் இல்லாவிட்டால் நடந்திருக்கவே நடந்திருக்காது என்பவற்றை வட்டம் போட்டேன். ஆறு. அதிலும் ஒன்று செக்கில் கையெழுத்து.

எனக்கு மட்டும் வந்த நோய் இல்லை இது என்று பின்னால்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். கனடாவின் மேலாண்மைப் பேராசிரியர் ஹென்றி மின்ட்ஸ்பெர்க், ஐந்து பெரிய நிறுவனத் தலைவர்கள் கூடவே ஆளுக்கு ஒரு வாரம் இருந்து, அவர்கள் என்னதான் செய்கிறார்கள் என்று குறித்து 1973-இல் எழுதினார். தலைவர் என்றால் கதவைச் சாத்திக்கொண்டு ஆழ்ந்து திட்டம் போடுவார் என்று பாடப்புத்தகம் சொல்லிக்கொண்டிருந்த காலம். அவர் கண்டது வேறு. அவர்கள் செய்த காரியங்களில் பாதி ஒன்பது நிமிடத்துக்குள் முடிந்துவிட்டன. ஒரு மணி நேரத்தைத் தாண்டியவை பத்தில் ஒன்றுதான். அதைப் படித்தபோது எனக்கு அற்ப சந்தோஷம். அமெரிக்க நிறுவனத் தலைவருக்கு ஒன்பது நிமிடம் என்றால் எனக்கு ஏழு. ஒரு டீ-ஷர்ட் நேரம்.

யோசிக்க நேரம் இல்லை என்று நானும் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன். 2022 மே மாதம் அந்தச் சாக்கு என் கையைவிட்டுப் போனது.

நூல் விலை மாதத்துக்கு மாதம் ஏறிக்கொண்டிருந்த சமயம். மே 16, 17 இரண்டு நாளும் ஊரே வேலைநிறுத்தம் செய்தது. மெஷின் ஓடவில்லை, லாரி வரவில்லை, போன் அடிக்கவில்லை. நான் மட்டும் பழக்கதோஷத்தில் எட்டரைக்குப் போய்க் கதவைத் திறந்து உட்கார்ந்தேன். சாவி என் கைக்கு வந்த பிறகு, மெஷின் சத்தம் இல்லாத ஃப்ளோரை ஆயுத பூஜை அன்றுகூட நான் பார்த்ததில்லை. அன்றைக்குப் பொரி பொட்டலம் கட்டவே நேரம் சரியாக இருக்கும். மின்விசிறிகூடப் போடாமல் உட்கார்ந்திருந்தேன். முதல் நாள் பழைய பில் எல்லாம் அடுக்கினேன். இரண்டாம் நாள் பதினொரு மணி வாக்கில், ஒரு டெலிவரி சலானைத் திருப்பிப் போட்டு, எட்டு வருஷமாக மனதில் கிடந்த ஒரு கேள்வியை எழுதினேன்: "மார்ச் முடிந்து ஜூலை வரைக்கும் என்ன?"

எங்களுக்கு வரும் கோடைக்கால ஆர்டர்கள் மார்ச்சோடு ஓய்ந்துவிடும். அப்புறம் நாலு மாதம் பாதி மெஷின் தூசி தட்டிக்கொண்டிருக்கும். நல்ல டெய்லர்கள் வேறு கம்பெனிக்குப் போய்விடுவார்கள், ஆகஸ்டில் கூடுதல் ரேட் கொடுத்து அவர்களையே கெஞ்சிக் கூப்பிடுவோம். ஒவ்வொரு ஏப்ரலிலும் இதற்கு ஏதாவது பண்ண வேண்டும் என்று தோன்றும். ஆனால் ஏப்ரலில் தோன்றி என்ன புண்ணியம்? ஏப்ரலுக்கான வேலையை அதற்கு முந்தின அக்டோபரில் தேடியிருக்க வேண்டும். அக்டோபரிலோ தலைக்கு மேல் ஷிப்மென்ட். பல் வலி மாதிரி, வலிக்கும்போது டாக்டர் இருக்க மாட்டார், டாக்டர் இருக்கும்போது வலிக்காது. எட்டு ஏப்ரல் இப்படியே போயின.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். வேலை இல்லாத நேரமெல்லாம் யோசிக்கிற நேரம் ஆகிவிடாது. 2011 ஜனவரி கடைசியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் திருப்பூரின் 700-க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. சாயக் கழிவால் நொய்யல் ஆறு பட்ட பாட்டைப் பார்த்தவர்கள் அந்த உத்தரவைத் தப்பென்று சொல்ல மாட்டார்கள். ஆனால் சாயம் போடாமல் துணி எங்கிருந்து வரும்? வெளியூர்களுக்கு லாரியில் அனுப்பிச் சாயமேற்றிக் கொண்டுவந்தவர்கள் தாக்குப்பிடித்தார்கள். எங்கள் கம்பெனியில் வாரக்கணக்கில் மெஷின் நின்றது. அப்பாவுக்கு அவ்வளவு நேரம் அதற்கு முன்னும் கிடைத்ததில்லை, பின்னும் கிடைக்கவில்லை. தினம் எட்டரைக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்து கேட்டையே பார்த்துக்கொண்டிருப்பார். வட்டிக்காரர் வருவாரா, லாரி வருமா என்ற இரண்டு நினைப்புதான். பயத்தில் இருப்பவரிடம் போய் ஐந்து வருஷத் திட்டம் கேட்க முடியுமா? 2022-இல் அந்த இரண்டு நாள் எனக்கு வேலை செய்ததற்குக் காரணம், பக்கத்துக் கம்பெனியும் மூடியிருந்தது என்பதுதான் என்று நினைக்கிறேன். நான் உட்கார்ந்திருக்கும்போது வேறு யாரும் என்னைத் தாண்டி ஓடவில்லை.

சரி, ஊர் வேலைநிறுத்தம் செய்யும் வரை காத்திருக்க முடியாது. நேரத்தை எங்கே ஒளித்து வைப்பது?

விடிகாலை ஐந்து மணி என்று எல்லோரும் சொல்வார்கள். இதைச் சொல்கிறவர்கள் வீட்டில் தண்ணீர் எப்போது வருகிறது, டிபன் யார் கட்டுகிறார்கள் என்று எனக்குத் தெரிந்துகொள்ள ஆசை. ஒன்பது நாள் முயன்றேன். ஞாயிற்றுக்கிழமை? கல்யாணம், சீர், காதுகுத்து. திருப்பூரில் ஞாயிறு உறவுக்காரர்களுக்குச் சொந்தம். ராத்திரி பத்துக்கு மேல் என்றால் நோட்டின் மேலேயே தூங்கிவிடுவேன்.

பெரிய மனிதர்கள் என்ன செய்தார்கள் என்று தேடிப் பார்த்தேன். பில் கேட்ஸ் வருஷத்துக்கு இரண்டு முறை, ஒரு வாரம், ஆள் அரவமில்லாத மர வீட்டில் தனியாக உட்கார்ந்து படிப்பாராம். 1995 மே மாதம் அவர் இன்டர்நெட்டைப் பற்றித் தன் நிறுவனத்தாருக்கு எழுதிய புகழ்பெற்ற சுற்றறிக்கைக்கு வித்து அப்படிப்பட்ட வாரங்களில் விழுந்தது என்பார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. நான் ஒரு வாரம் காணாமல் போனால் மூன்றாம் நாள் போலீஸில் புகார் கொடுத்துவிடுவார்கள். எனக்குப் பிடித்தது ஜார்ஜ் ஷுல்ட்ஸ் செய்தது. 1982 முதல் 1989 வரை அமெரிக்க வெளியுறவு அமைச்சர். பனிப்போர் முடியும் தறுவாயில் அந்த நாற்காலியில் இருந்தவர். வாரத்துக்கு ஒரு மணி நேரம் கதவைச் சாத்திவிட்டு, தாளும் பென்சிலுமாக உட்கார்ந்துவிடுவார். இரண்டு பேர் கூப்பிட்டால் மட்டும் தொந்தரவு செய்யலாம் என்று செயலாளரிடம் சொல்லி வைத்திருந்தார்: ஒன்று அவர் மனைவி, இன்னொன்று ஜனாதிபதி. ரஷ்யாவோடு பேச்சு நடத்துகிறவருக்கு வாரம் ஒரு மணி நேரம் ஒதுங்க முடிந்தது என்றால், நெக் ரிப் வைக்கிற எனக்கு முடியாதா?

கிழமையைத் தேர்ந்தெடுத்தது மட்டும் உருப்படியாக நானே செய்தது. திங்கள் பையர் மெயில்கள் வந்து குவியும். செவ்வாய் இன்ஸ்பெக்ஷன் வரலாம். வெள்ளி ஷிப்மென்ட் நெருக்கடி, சனி சம்பளம். புதன்கிழமை மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகுதான் லைன் ஒரே சீராக ஓடும். புதன், இரண்டரையிலிருந்து ஐந்து. ஆபீஸ் அறையில் உட்கார முடியாது, மூன்று பக்கம் கண்ணாடி. நான் சும்மா உட்கார்ந்திருப்பதை எழுபது பேர் பார்ப்பார்கள். நிஜமாகவே முதல் புதன்கிழமை செக்கிங் டேபிளில் இருந்து ஒருத்தி எட்டிப் பார்த்து, "ஏனுங்க்கா, உடம்பு கிடம்பு சரியில்லீங்களா?" என்று கேட்டாள். அதனால் வண்டியை எடுத்துக்கொண்டு ஊத்துக்குளி ரோட்டில் நஞ்சராயன் குளத்துக்குப் போய்விடுவேன். அந்த 2022-இல்தான் அதைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். 2024-இல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. கரையில் ஒரு மரத்தடி. போன் கம்பெனியில் என் மேஜை டிராயரில்.

முதல் மூன்று வாரம் ஒன்றும் நடக்கவில்லை. நோட்டைத் திறந்தால் "ஊசி வாங்க, இ.எஸ்.ஐ. கட்ட" என்றே கை எழுதியது. கூழைக்கடாக்களை எண்ணினேன். நாலாவது வாரம் ஒரு யோசனை தோன்றி, டேமேஜ் மூட்டையிலிருந்து ஒரு பீஸையும் நூல் பிரிக்கிற ஊசியையும் எடுத்துப் போனேன். உட்கார்ந்து தையலை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். கைக்கு வேலை கிடைத்ததும் மண்டை அடங்கியது. அதிலிருந்து ஒவ்வொரு வாரமும் ஒரு உடுப்பு. எங்களுடையது, அடுத்தவருடையது, காதர்பேட்டையில் எழுபது ரூபாய்க்கு வாங்கியது என்று எதுவானாலும் பிரித்துப் பரப்பி, இதை ஏன் இப்படித் தைத்தார்கள் என்று பார்ப்பேன். தைப்பதை மட்டுமே பார்த்துவந்த எனக்கு, உடுப்பு என்பதே ஒருவர் உட்கார்ந்து யோசித்த விஷயம் என்று அங்கேதான் உறைத்தது.

அக்டோபரில் ஒருநாள் என் மகனின் பள்ளி பி.டி. டீ-ஷர்ட்டை எடுத்துப் போனேன். ஜூனில் வாங்கியது, தீபாவளிக்குள் காலர் சுருண்டு, சைடு தையல் முறுக்கிக்கொண்டு தொப்புள் பக்கம் வந்துவிட்டது. பிரித்துப் பார்த்தால் அக்குளில் ஒரு கூட்டுத் துண்டு இல்லை. பையன் கையைத் தூக்கினால் மொத்தச் சட்டையும் மேலே ஏறும். பெரியவர்கள் அளவைச் சுருக்கி வெட்டியிருக்கிறார்கள், ஓடுகிற பிள்ளைக்காக யாரும் வெட்டவில்லை. அப்போதுதான் தட்டியது. பள்ளிச் சீருடை எப்போது தைக்கப்படும்? பிப்ரவரியிலிருந்து மே வரைக்கும். நான் தேடிக்கொண்டிருந்த ஏப்ரலும் மேயும் அதற்குள் வருகின்றன.

எழுதும்போது ஏதோ அன்றைக்கே எல்லாம் முடிந்த மாதிரி தெரிகிறது. அந்த யோசனை தையல் மேஜைக்கு வர ஒன்றரை வருஷம் ஆனது. துணி பாலியஸ்டர், எங்கள் ஊரோ பருத்தி ஊர். உலக இழை உற்பத்தியில் பாதிக்கு மேல் பாலியஸ்டர், பருத்தி நான்கில் ஒரு பங்குக்கும் குறைவு. திருப்பூரில் பிறந்த எவருக்கும் இதை மனசார நம்புவது கஷ்டம். பருத்தியில் ரியாக்டிவ் சாயம் ஏற உப்பைக் கொட்ட வேண்டும், நொய்யலைக் கெடுத்ததில் அந்த உப்புக்குப் பெரிய பங்கு. பாலியஸ்டருக்கு உப்பு வேண்டாம். பதிலுக்கு அழுத்தத்தில் 130 டிகிரி வரை சூடாக்க வேண்டும், அந்த வசதி உள்ள பட்டறை வேண்டும். தைக்கும்போதும் வேறு தொல்லை. எங்கள் டெய்லர்களின் வேகத்தில் ஓட்டினால் ஊசி சூடேறித் துணி இழை உருகி ஓட்டை விழும். ஊசியை மாற்றி, வேகத்தைக் குறைத்து, பீஸ் ரேட்டில் இருக்கிறவர்களை மெதுவாகத் தைக்கச் சொல்லிச் சம்மதிக்கவைத்து... அது தனிக் கதை.

எனக்குக் கடினமாக இருந்தது பாலியஸ்டர் இல்லை, அந்த இரண்டரை மணி நேரம் கம்பெனியில் நான் இல்லாமல் இருப்பதுதான்.

போவதற்கு முன் ஒரு தாள் எழுதி ஒட்டினேன். ஐயாயிரம் ரூபாய் வரை செலவை சூப்பர்வைசரே முடிவு செய்யலாம். ஷேடு சந்தேகம் என்றால் துண்டு வெட்டி நேராக ஏற்றுமதியாளரின் மெர்ச்சண்டைசருக்கு அனுப்பலாம். லே போடுவது, அதாவது வெட்டுவதற்குத் துணியை அடுக்கடுக்காக விரிப்பது, மாஸ்டர் பொறுப்பு. தீ, ரத்தம், இன்ஸ்பெக்டர் மூன்றுக்கு மட்டும் ஆளை அனுப்பிக் குளக்கரையில் என்னைத் தேடலாம்.

ஆறாவது புதனோ ஏழாவதோ, திரும்பி வந்தால் கட்டிங் டேபிள் பக்கம் ஒரே அமைதி. சைஸ் ரேஷியோ, அதாவது ஸ்மாலிலிருந்து எக்ஸ்ட்ரா லார்ஜ் வரை எந்த சைஸ் எத்தனை என்ற கணக்கு, மாறிப் போய்விட்டது. ஒன்று, இரண்டு, இரண்டு, ஒன்று என்று வெட்ட வேண்டியதை, முந்தின ஸ்டைலின் கணக்கில் இரண்டு, இரண்டு, ஒன்று, ஒன்று என்று வெட்டிவிட்டார்கள். ஸ்மால் 180 பீஸ் அதிகம், லார்ஜ் 180 குறைவு. துணி ஏற்றுமதியாளருடையது, அவர்கள் டெபிட் நோட் போட்டுப் பிடித்தது 38,000 ரூபாய். மாஸ்டர் முப்பது வருஷ அனுபவக்காரர், "பண்ணிப் போட்டேனுங்க்கா, சம்பளத்துல புடிச்சுக்கங்க" என்று தலை குனிந்து நின்றார். கேட் பக்கத்து நாற்காலியிலிருந்து அப்பா சொன்னார்: "நான் ஒரு நாளு லைனை விட்டு நகுந்ததில்லை கண்ணு. நீ கொக்கு பாக்கப் போயிட்ட, இங்க யாரு லே பாக்குறது?"

பிடிக்கவில்லை. மாஸ்டர் மேல் இரக்கம் என்று இல்லை. ஆர்டர் விவரம் எழுதிய ஸ்பெக் ஷீட்டை எடுத்துப் பார்த்தேன். ரேஷியோ அதில் எழுதப்படவே இல்லை. போனில் அவர்கள் சொன்னார்கள், நான் மனதில் வைத்துக்கொண்டேன், டேபிள் பக்கம் நடக்கும்போது வாயால் சொல்வேன். அன்று நடக்கவில்லை. எட்டு வருஷமாகக் கம்பெனியின் பாதி என் மண்டைக்குள்தான் ஓடியிருக்கிறது. அந்த 73 கோட்டில் எத்தனை, நான் எழுதி வைக்காததால் வந்தவை என்று எண்ணிப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. அன்றிலிருந்து லே போடும் முன் ரேஷியோவைச் சுவர் போர்டில் சாக்பீஸால் எழுத வேண்டும் என்று ஒரு வழக்கம். 38,000 ரூபாய்க்கு வாங்கிய சாக்பீஸ் என்று மாஸ்டர் இன்னும் சொல்வார்.

அதற்குப் பின் சில மாதம் கழித்து ஒரு புதன், ஐந்து மணிக்கு வந்தேன். லைன் ஓடிக்கொண்டிருந்தது. டிராயரைத் திறந்து போனை எடுத்தால் ஒரு மிஸ்டு கால் இல்லை. சூப்பர்வைசரிடம் "ஏதாவது பிரச்சினையா?" என்றேன். "ஒண்ணுமில்லீங்க்கா." "யாராவது தேடினாங்களா?" "இல்லீங்க்கா." அறைக்குள் போய் உட்கார்ந்தேன். சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கு அழுகை வந்தது. "அக்கா, அக்கா" என்று நாள் முழுக்கக் கேட்கும்போது எரிச்சலாக இருந்தது உண்மை. அதே சத்தத்தில்தான் நான் வாழ்ந்துகொண்டும் இருந்திருக்கிறேன். ஊசி எங்கே என்று கேட்டால் உடனே பதில் சொல்லிவிடலாம், சொன்னதும் ஒரு காரியம் முடிந்த திருப்தி. ஐந்து வருஷம் கழித்து இந்தக் கம்பெனி என்ன என்ற கேள்விக்குக் குளக்கரையில் உட்கார்ந்து ஒரு மாதமானாலும் பதில் வராது. நேரம் இல்லை என்று நான் சொன்னதெல்லாம் பாதி பொய். அந்தக் கேள்வியோடு தனியாக உட்காரப் பிடிக்காமல் ஊசிப் பாக்கெட்டுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தேன்.

2024 சீசனில் இரண்டு பள்ளிக்கூடம், 2025-இல் ஏழு. பெரிய லாபம் இல்லை. பள்ளிகள் பணம் கொடுக்கும் வேகத்தைப் பற்றிப் பேசினால் கட்டுரை வேறு பக்கம் போய்விடும். ஆனால் அந்த இரண்டு ஏப்ரலிலும் என் டெய்லர்கள் யாரும் வேறு கம்பெனிக்குப் போகவில்லை.

அப்புறம் 2025 ஆகஸ்ட் வந்தது. அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கு முதலில் 25 சதவீதம், 27-ஆம் தேதியிலிருந்து 50 சதவீதம் என்று வரி போட்டது. திருப்பூர் ஏற்றுமதியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அப்போது அங்கேதான் போய்க்கொண்டிருந்தது. நான் தைத்துக்கொடுக்கும் மூன்று பேரில் இரண்டு பேர் ஆர்டரை நிறுத்தி வைத்தார்கள். பள்ளிச் சீருடை அந்த மாதத்தில் ஒரு ரூபாய் கொடுக்காது. பாலியஸ்டர் ஓட்டத் தெரிந்த டெய்லர்கள் இருந்ததால் நவராத்திரி சமயத்தில் உள்ளூர் வியாபாரி ஒருவருக்கு டிராக் பேன்ட் தைக்கும் வேலை கிடைத்தது, சம்பளம் ஓடியது. இதை முன்கூட்டியே பார்த்தேன் என்று சொன்னால் அது அப்பட்டமான பொய். ஏப்ரலுக்காகச் செய்தது செப்டம்பரில் உதவியது, அவ்வளவுதான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்த ஆகஸ்டில் தொடர்ந்து மூன்று புதன்கிழமை நான் குளத்துக்குப் போகவில்லை. ஆர்டர் போன சமயத்தில், இருக்கிற ஆளுக்கே வேலை இல்லாத சமயத்தில், நான் காலை எட்டிலிருந்து ராத்திரி ஒன்பது வரை ஃப்ளோரில் நடந்துகொண்டே இருந்தேன். என்ன செய்தேன் என்று கேட்டால் தெரியாது. அப்பா கேட்டைப் பார்த்தார், நான் போனைப் பார்த்தேன். நாலாவது வாரம் சூப்பர்வைசர்தான் வண்டிச் சாவியை எடுத்து மேஜை மேல் வைத்து, "இன்னிக்குப் புதனுங்க்கா" என்றாள்.

போன மாதம் கட்டிங் மாஸ்டர் அறைக்கு வந்தார். பனியன் துணியில் வீணாகும் பிட்டைப் பற்றி அவருக்கு ஒரு யோசனையாம். துணியில் எந்தத் துண்டை எங்கே வெட்டுவது என்று வரைந்த மார்க்கரைத் திருப்பிப் போட்டுப் பார்க்க வேண்டும், தாள் வெட்டி ஒட்டிப் பார்க்க வேண்டும், வேலை நேரத்தில் முடியவில்லை. "வாரத்துல ஒரு ரெண்டு மணி நேரம் நானும் தனியா உக்காந்துக்கட்டுங்களா? நீங்க போறீங்கள்ல, அந்தப் புதன்கிழமையே."

என் வாயிலிருந்து உடனே வந்தது: "அப்ப லே யாருங்க மாஸ்டர் போடுவாங்க?"

அவர் ஒன்றும் சொல்லவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம், கேட் நாற்காலியில் அப்பா உட்கார்ந்திருந்தார்.

"வியாழக்கிழமை எடுத்துக்கங்க மாஸ்டர்" என்றேன். புதன்கிழமை இரண்டு பேரும் போய்விட்டால் நிஜமாகவே லே போட ஆள் இல்லை.